பெறாத பிள்ளையை வளர்ப்பவரின் பெயர்

தான் பெறாத குழந்தையை வளர்க்கும் ஒருவரை எந்தப் பெயரால் குறிப்பது என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அகராதியைப் புரட்டித் தீர்த்துக்கொள்ளக்கூடிய சிறு சிக்கலாகவே தோன்றும். ஆனால் ஸ்பானிய மொழியில் அப்பணியைச் செய்பவர்க்கு வழங்கும் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நோக்கினால், அவை ஒரே பொருளின் பல பெயர்களாக அமையாமல், ஒரே செயலைப் பற்றிய பல தீர்ப்புகளாக அமைந்திருப்பது புலப்படும். 'நின்யேரா' என்பது குழந்தையைக் குறிக்கும் 'நின்யோ' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது; குழந்தையோடு இருப்பவள் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. 'குய்தாதோரா' என்றால் பேணுபவள். 'எதுகதோரா' என்றால் கற்பிப்பவள். 'நானா', 'தாதா' ஆகியவை மழலை வாயிலிருந்து வந்த உறவுப் பெயர்கள். ஸ்பெயினில் மாலையில் சில மணி நேரம் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர்க்குக் கங்காருவைக் குறிக்கும் 'காங்குரோ' என்னும் பெயரே வழங்குகிறது. கொலம்பியாவில் அரசே 'மாத்ரே கொமுனித்தாரியா', அதாவது சமூகத் தாய், என்றொரு பெயரைச் சூட்டியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசுப் படிவங்களை ஸ்பானியத்தில் பெயர்ப்பவர்கள் 'ப்ரொவேதோரா', அதாவது வழங்குநர், என்று எழுதுகின்றனர். இவற்றுள் ஒன்றைத் தேர்வது, பிறர் பிள்ளையை வளர்க்கும் செயல் அன்பா, உழைப்பா, காவலா, கல்வியா என்பதற்கு விடை சொல்வதாகும்; அவ்விடையைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பது அதனினும் கடினமான கேள்வி.

பெயரிடுதலைப் பற்றி ஸ்பானிய மொழியிலேயே ஆழமாகச் சிந்தித்தவர்களுள் முதன்மையானவர், சலமான்காப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த அகுஸ்தீன் சபைத் துறவி ஃப்ராய் லூயிஸ் தே லெயோன் ஆவார். திருமறையின் லத்தீன் பெயர்ப்பைப் பற்றிய கருத்துகளுக்காகவும், இனிமைமிகு பாடலைத் தாய்மொழியில் பெயர்த்தமைக்காகவும் 1572 முதல் 1576 வரை சமய விசாரணை மன்றத்தின் சிறையில் கிடந்த அவருக்கு, ஒரு சொல்லைத் தேர்வதன் விலை என்னவென்று நன்றாகத் தெரியும். 1583-இல் வெளிவந்த 'கிறிஸ்துவின் நாமங்கள்' என்னும் உரையாடல் நூலின் தொடக்கத்தில் அவர் பெயர் என்றால் என்ன என்பதையே ஆராய்கிறார். பொருள் இல்லாத இடத்தில் பொருளுக்காக நிற்கும் சுருங்கிய சொல் பெயர் என்பதும், வெளியே இருக்கும் பொருள்கள் பெயர்களின் வழியாகவே மனித மனத்துக்குள் குடிபுகுகின்றன என்பதும், ஆகையால் பெயருக்கும் பொருளுக்கும் இடையே ஒத்திசைவு இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வாய்வின் சாரம். இக்கொள்கையை ஏற்றுக்கொண்டால், ஒருவரைப் பிழையான பெயரால் அழைப்பது வெறும் மரியாதைக் குறைவாக நின்றுவிடாது. அழைப்பவரின் மனத்துக்குள் அவர் இருக்கும் விதமே சிதைந்துவிடுகிறது.

அதே ஆண்டில் அதே துறவி வெளியிட்ட மற்றொரு நூலான 'நிறைமனைவி', புதிதாக மணமான ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்ட அறிவுரை நூலாகும். அதில் அவர், குழந்தைக்குப் பாலூட்டும் பொறுப்பைச் செவிலியிடம் ஒப்படைக்கும் தாய்மாரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். பாலோடு குணமும் குழந்தைக்குள் இறங்குகிறது என்பது அவர் காலத்து மருத்துவமும் சமயமும் ஒருங்கே நம்பிய செய்தி. இக்கண்டனத்தில் செவிலியரைப் பற்றிய இழிவான எண்ணம் கலந்திருப்பதை மறைக்க இயலாது. ஆயினும் அதன் அடியில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: வளர்ப்பவள் குழந்தையை உண்மையாகவே ஆக்குகிறாள், பெற்றவளின் வேலை பேற்றோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அது. செவிலியைக் கண்டு அஞ்சிய அந்தக் காலம், அவளை ஒரு பொருட்டாகவே கருதாத பிற்காலத்தைவிட அவளுடைய ஆற்றலைத் தெளிவாக அறிந்திருந்தது எனலாம்.

பழைய ஸ்பானியச் சொற்களும் அவ்வறிவைக் காட்டுகின்றன. 'அமா' என்னும் சொல் பாலூட்டும் செவிலியைக் குறித்த பிற்கால லத்தீன் சொல்லான 'அம்மா'விலிருந்து வந்தது. அச்சொல்லே பின்னர் வீட்டுத் தலைவியையும் குறிக்கலாயிற்று, எனவே ஸ்பானியத்தில் வேலை வாங்குபவளுக்கும் வேலை செய்பவளுக்கும் ஒரே பெயர். (தமிழ் 'அம்மா'வோடு இதற்குள்ள ஒலி ஒற்றுமை, குழந்தைகளின் முதல் ஒலிகள் எங்கும் ஒத்திருப்பதன் விளைவே, வேர் ஒற்றுமை என்று கொள்ளலாகாது.) 'ஆயா' என்பது உயர்குடி வீடுகளில் குழந்தையின் பேணலையும் நடத்தைப் பயிற்சியையும் ஏற்றிருந்த பெண்ணைக் குறித்த மதிப்பான சொல். அதன் உடன்பிறப்பான போர்த்துகீசியச் சொல் கடல் கடந்து இந்திய மொழிகளுக்குள் நுழைந்து, தமிழில் பள்ளியிலும் மருத்துவமனையிலும் எடுபிடி வேலை செய்யும் பெண்ணின் பெயராகத் தாழ்ந்தது. கான்டாபிரியாவின் பாஸ் பள்ளத்தாக்குகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்ரிட் நகரின் செல்வர் வீடுகளுக்கும் அரண்மனைக்கும் பாலூட்டச் சென்ற 'பசியேகா' செவிலியர், தம் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டே சென்றனர் என்பதை அவர்களுக்கு அணிவிக்கப்பட்ட பகட்டான உடைகள் மறைத்துவிடுகின்றன. 'க்ரியாதா' என்னும் சொல்லின் கதை இன்னும் வேதனை தருவது. 'க்ரியார்' என்றால் வளர்த்தல். அது படைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'க்ரியாதா' என்றால் வளர்க்கப்பட்டவள், அதாவது வீட்டில் எடுத்து வளர்க்கப்பட்ட ஏழைப் பெண். நாளடைவில் அது வேலைக்காரி என்றே பொருள்பட்டது. வளர்க்கப்பட்டவள் வளர்ப்புக்குக் கடன்பட்டவளாகி, அக்கடனைக் கூலியின்றித் தீர்க்க வேண்டியவளானாள். பராகுவேயில் ஏழைக் குழந்தைகள் வசதி படைத்த வீடுகளில் தங்கி வேலை செய்யும் வழக்கம் இன்றும் இச்சொல்லின் வழிவந்த 'க்ரியாதாஸ்கோ' என்னும் பெயரால்தான் அறியப்படுகிறது.

மெக்சிகோவிலும் சிலியிலும் நிலைபெற்ற 'நானா' என்னும் பெயர் முதல் நோக்கில் இத்தகைய கறை எதுவும் படியாதது. குழந்தை தானே கண்டெடுத்த ஒலி அது. அதில் உண்மையான பாசம் இருக்கிறது. ஆனால் அப்பெயரால் அழைக்கப்படுபவளின் இயற்பெயர் அதற்குள் கரைந்துபோகிறது என்பதை ரொசாரியோ கஸ்தெயானோஸ் 1957-இல் வெளியிட்ட 'பலூன் கனான்' நாவலைப் போல நுட்பமாகக் காட்டிய படைப்பு வேறில்லை. சியாபாஸ் மாநிலத்தின் கொமித்தான் ஊரில், நிலவுடைமைக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியும் அவளை வளர்க்கும் பழங்குடிப் பெண்ணும் அந்நாவலின் மையத்தில் நிற்கின்றனர். இருவருக்கும் நூலில் இயற்பெயர் இல்லை. உலகம் எவ்வாறு தோன்றியது, செல்வர் எதற்காக ஏழையரைச் சார்ந்திருக்கின்றனர் என்பவற்றையெல்லாம் சிறுமிக்குக் கற்பிப்பவள் அந்த நானாவே. ஆனால் வீட்டின் மகனுக்கு வரப்போகும் கேட்டை முன்னுரைத்ததற்காக அவள் வெளியேற்றப்படுகிறாள். பின்னர் தெருவில் ஒரு பழங்குடிப் பெண்ணைத் தன் நானா என்றெண்ணி ஓடிச்செல்லும் சிறுமி, அவள் வேறொருத்தி என்று கண்டு, இனித் தன் நானாவைத் தன்னால் அடையாளம் காணவே முடியாது என்னும் முடிவுக்கு வருகிறாள். பழங்குடியினர் அனைவரின் முகமும் அவளுக்கு ஒன்றாகவே தெரிகிறது. பாசம் உண்மையாக இருந்தும், பெயர் ஒரு பெண்ணுக்கு உரியதாகாமல் ஒரு வேலையிடத்துக்கு உரியதாக இருந்தமையால், அந்த இடம் காலியானதும் மனிதரும் மறைந்துபோனார். சிலி நாட்டுச் சட்டம் இப்பெயரை ஏற்காமல் 'தனியார் இல்லத் தொழிலாளி' என்னும் உணர்ச்சியற்ற தொடரையே கையாள்கிறது என்பதையும், 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பொது இடங்களில் சீருடை அணியுமாறு வற்புறுத்துவதைத் தடுத்தது என்பதையும் இங்கு நினைக்கலாம். அத்தொடர் கேட்பதற்கு இனிமையற்றதுதான். ஆயினும் அது ஒருவரை அடையாளம் இழக்கச் செய்வதில்லை.

வீட்டை விட்டு நிறுவனத்துக்கு வந்தால் சர்ச்சை 'குவார்தேரியா' என்னும் சொல்லைச் சுற்றி நிகழ்கிறது. 'குவார்தார்' என்னும் வினைக்குக் காத்தல், பத்திரமாக வைத்தல் என்று பொருள். குழந்தைக் காப்பகத்தின் வழக்கமான பெயர் இதிலிருந்து உண்டானது. ஸ்பெயினில் 1990-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள பருவத்தைக் கல்வியின் முதல் கட்டமாக அறிவித்தபின், அங்குப் பணிபுரிவோர் தம் இடத்தை 'எஸ்குவேலா இன்ஃபாந்தில்', அதாவது மழலையர் பள்ளி, என்றும் தம்மை 'எதுகதோரா' என்றும் அழைக்குமாறு விடாது வலியுறுத்தி வருகின்றனர். பொருள்களைத்தான் பத்திரப்படுத்துவார்கள், குழந்தைகளைப் பயிற்றுவிப்பார்கள் என்பது அவர்களின் வாதம். பயிற்சியும் ஊதியமும் மதிப்பும் அப்பெயரோடு சேர்ந்தே வருவதால் இக்கோரிக்கை நியாயமானது. எனினும் அவ்வாதத்துக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது: காத்தல் என்பது கற்பித்தலைவிடத் தாழ்ந்த செயல் என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஸ்பானியச் சமய வழக்கில் 'குவார்தார்' எளிய சொல்லன்று. இறைக்கட்டளைகளைக் கைக்கொள்வதற்கும், திருநாள்களை அனுசரிப்பதற்கும் அவ்வினையே வழங்குகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் துணையிருப்பதாகக் கத்தோலிக்கர் நம்பும் காவல் தூதரின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததே.

அமெரிக்க மெய்யியலாளர் சாரா ரடிக், 1989-இல் வெளியிட்ட 'தாய்மைச் சிந்தனை' என்னும் நூலில், பெற்றவர் வளர்ப்பவர், பெண் ஆண் என்னும் வேறுபாடின்றி, குழந்தையை வளர்க்கும் எவரிடத்தும் மூன்று கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன என்கிறார்: அதை உயிரோடு காப்பது, அது வளர வழிசெய்வது, சமூகம் ஏற்கும் மனிதராக அதை ஆக்குவது. இம்மூன்றில் முதலாவதே மற்ற இரண்டுக்கும் அடித்தளம். 2009 ஜூன் 5 அன்று மெக்சிகோவின் எர்மோசியோ நகரில், அருகிலிருந்த அரசுக் கிடங்கில் மூண்ட தீ பரவியதில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் இருந்த 49 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் 2011-இல் இயற்றப்பட்ட சட்டம், கவனிப்பு, பேணல், முழுமையான வளர்ச்சி என்னும் மூன்று சொற்களையும் தன் தலைப்பிலேயே அருகருகே வைத்தது. மக்கள் அதை 'ஜூன் 5 சட்டம்' என்றே அழைக்கின்றனர். காத்தல் என்பது கற்பித்தலுக்கு முந்திய வெறும் காத்திருப்பு என்று எண்ணுபவர், அந்த 49 குழந்தைகளின் பெற்றோர் முன்னால் அவ்வெண்ணத்தைச் சொல்லத் துணியமாட்டார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கும் 'ப்ரொவேதோரா' வேறு வகைச் சிக்கல். ஸ்பானியம் பேசும் நாடுகளில் இச்சொல்லைக் கேட்பவர்க்குக் கடைக்குச் சரக்கு வழங்குபவரே முதலில் நினைவுக்கு வருவார். தன் வீட்டில் ஆறேழு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் லத்தீன் அமெரிக்கப் பெண்ணை அரசு ஒரு சிறு வணிகராகக் கருதியமையால் அப்பெயர் பொருந்திப்போயிற்று. வணிகர் என்பதாலேயே அவர் தொழிலாளர்க்குரிய கூட்டுப் பேரம் பேசும் உரிமைக்கு வெளியே நின்றார். கலிபோர்னியாவில் அரசு உதவித்தொகை பெறும் வீட்டுக் காப்பாளர்கள் சங்கமாகி அரசோடு பேசும் உரிமையை 2019-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியாகவே அடைந்தனர். ஆயினும் இவ்வணிகச் சொல்லின் வேரில் ஸ்பானியரின் சமய உணர்வுக்கு நெருக்கமான ஒரு பொருள் உறங்குகிறது. 'ப்ரொவேயெர்' என்பதும் இறைப் பராமரிப்பைக் குறிக்கும் 'ப்ரொவிதென்சியா' என்பதும் முன்னரே காணுதல் என்னும் லத்தீன் வினையின் கிளைகள். தொடக்கநூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆபிரகாம் மலையொன்றுக்கு இடும் பெயர் ஸ்பானிய விவிலியத்தில் கடவுள் தருவார் என்னும் பொருளில் இவ்வினையாலேயே பெயர்க்கப்படுகிறது. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பதும் காணுதல் என்னும் வினைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா, கடவுள் உலகனைத்தையும் நோக்கித் திட்டமிடுகிறார் எனினும் அத்திட்டத்தைப் படைப்புகளின் வழியாகவே நிறைவேற்றுகிறார் என்றும், அது கடவுளின் ஆற்றல் குறைவால் நிகழ்வதன்று, காரணமாக இருக்கும் மேன்மையைப் படைப்புகளுக்கும் பகிர்ந்தளிக்கும் நன்மையால் நிகழ்வது என்றும் விளக்கினார். குழந்தைக்கு எப்போது பசிக்கும், எந்தப் படிக்கட்டில் அது தடுக்கி விழும் என்று முன்னரே கண்டு செயல்படும் பெண்ணிடம் அத்தகைய மேன்மை இருக்கிறது. படிவத்தை அச்சிட்டவர் அதை எண்ணி எழுதினார் என்று சொல்வதற்கில்லை. சொல் மட்டும் அதை மறக்கவில்லை.

'குய்தார்' என்னும் வினைக்கும் இப்படியோர் ஆழம் உண்டு. பேணுதலைக் குறிக்கும் இச்சொல், சிந்தித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் 'கோகித்தாரே'யிலிருந்து வந்தது. ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெகர் 1927-இல் எழுதிய 'இருத்தலும் காலமும்' என்னும் நூல், மனித இருப்பின் இயல்பையே அக்கறை என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்குகிறது. அந்நூலை 1951-இல் மெக்சிகோவில் முதன்முதலாக ஸ்பானியத்தில் பெயர்த்த ஹொசே காவோஸ் அதற்குக் 'கூரா' என்னும் லத்தீன் வடிவத்தைத் தேர்ந்தார். ஸ்பானியப் பேச்சில் அச்சொல் பங்குக் குருவையும் நோய் தீர்க்கும் சிகிச்சையையும் குறிக்கும். 1997-இல் சிலியில் புதிய பெயர்ப்பை வெளியிட்ட ஹோர்ஹே எதுவார்தோ ரிவேரா, 'குய்தாதோ' என்னும் வீட்டுச் சொல்லுக்கு மாறினார். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண் நாள்தோறும் சொல்லும் சொல்லே மனித இருப்பின் பெயருமாயிற்று.

ஹைடெகர் அந்நூலில் எடுத்தாளும் பழைய லத்தீன் கதை, ஹிகினஸ் என்பவரின் பெயரால் வழங்குவது, இங்கு எழுந்துள்ள கேள்வியை நேராகத் தொடுகிறது. கூரா என்னும் அக்கறைத் தெய்வம் ஆற்றைக் கடக்கையில் களிமண்ணை எடுத்து ஓர் உருவத்தைப் பிசைகிறாள். யூபித்தர் அதற்கு உயிர் தருகிறார். அதற்கு யார் பெயரை இடுவது என்று இருவரும் வழக்காடும்போது, உடலைத் தந்தவள் தானே என்று பூமியும் உரிமை கோருகிறது. நடுவராக வந்த சனித் தெய்வம், இறந்தபின் உயிர் யூபித்தருக்கும் உடல் பூமிக்கும் சேரட்டும், உயிரோடிருக்கும் காலமெல்லாம் அது கூராவின் வசம் இருக்கட்டும் என்று தீர்ப்பளித்து, மண்ணால் ஆனதால் அதற்கு மண்ணின் பெயரையே இடுகிறார். பிசைந்து வாழ்நாள் முழுதும் தாங்குபவளுக்கு எல்லாம் கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. மனிதர் இயல்பை விளக்க வந்த மெய்யியலார் பலர் இக்கதையில் அக்கறையின் பெருமையை வாசித்திருக்கின்றனர். பெயரில் பங்கின்றிப் போன வளர்ப்பவளின் வழக்கு அதில் அவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவ்வழக்குக்கு விடை தேடுபவர்க்குக் கத்தோலிக்க மரபு யோசேப்பின் உருவில் ஒரு வழியைக் காட்டுகிறது. இயேசு அவருடைய குருதியில் பிறந்தவர் அல்லர் என்பது அம்மரபின் உறுதியான நம்பிக்கை. ஆயினும் அது அவருக்குப் 'பாத்ரே நுத்ரீசியோ', அதாவது ஊட்டி வளர்த்த தந்தை, என்னும் பெயரை அளிக்கிறது. ஸ்பெயினில் யோசேப்பு பக்தி வேரூன்ற அவிலாவின் தெரேசா பெரிதும் காரணமானார். 1562-இல் தாம் நிறுவிய முதல் மடத்துக்கு அவர் யோசேப்பின் பெயரையே இட்டார். 1989-இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை யோசேப்பைப் பற்றி எழுதிய மடலின் லத்தீன் தலைப்பு 'மீட்பரின் காவலர்' என்று பொருள்படும். மத்தேயு நற்செய்தியில் குழந்தைக்கு இயேசு என்னும் பெயரிடுபவரும் யோசேப்பே. பெறாதவர் பெயரிடுவதன் வாயிலாகவே தந்தையாகிறார். ஸ்பெயினில் தந்தையர் தினம் அவருடைய திருநாளான மார்ச் 19 அன்று கொண்டாடப்படுவது ஆழ்ந்து நோக்கத்தக்கது, ஏனெனில் தந்தைமையைப் போற்ற ஒரு முழு நாடு தேர்ந்தெடுத்திருப்பது தான் பெறாத பிள்ளையை வளர்த்த ஒருவரின் நாளை. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதே யோசேப்புக்குத் தொழிலாளர் என்னும் பட்டத்தோடு மே 1 அன்று இரண்டாவது திருநாளை ஏற்படுத்தினார். தந்தை என்று போற்றப்பட்டதால் தச்சருக்குக் கூலி வேண்டியதில்லை என்று எந்த இறையியலாளரும் சொன்னதில்லை. உழைத்துக் கூலி பெற்றதால் அவருடைய அன்பு குறைபட்டது என்றும் சொன்னதில்லை.

ஓர் ஆணுக்கு இயல்பாகக் கிடைத்த இவ்விரட்டைப் பெயர் பெண்களுக்கு மறுக்கப்பட்டதைக் கொலம்பியாவின் வரலாறு காட்டுகிறது. அந்நாட்டின் குடும்ப நல நிறுவனம் 1968-இல் தொடங்கப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில், ஏழைக் குடியிருப்புகளில் வாழும் பெண்கள் தம் வீட்டையே திறந்துவைத்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஒரு டசனுக்கு மேற்பட்டோரைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் 'சமூக இல்லங்கள்' என்னும் திட்டத்தை அந்நிறுவனம் பரப்பியது; 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நிதி ஏற்பாடு செய்தது. அப்பெண்களுக்கு அரசு இட்ட பெயரே 'மாத்ரே கொமுனித்தாரியா'. அந்நிறுவனம் வழங்கும் சத்துமாவைக் காய்ச்சி ஊட்டுவதும், தூங்கவைப்பதும், எடை பார்த்துக் குறிப்பதும், பாடலும் விளையாட்டும் கற்றுத்தருவதும் அவர்களின் அன்றாடம். வன்முறை மலிந்த பகுதிகளில் தெருவில் திரிய நேர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்குப் பகலில் ஒரு வீடு கிடைத்தது இவர்களால்தான். அவர்களைத் தாய் என்று அழைத்ததில் உண்மை இல்லை என்று யாரும் கூற முடியாது.

ஆனால் அந்தப் பெயர் மற்றொரு வேலையையும் செய்தது. தாய் தன் பிள்ளையை வளர்ப்பதற்குக் கூலி கேட்பதில்லை. ஆகவே சமூகத்தின் தாயும் கேட்கலாகாது என்னும் முடிவு அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஊதியமாகக் கணக்கிடப்படாமல் 'பேக்கா', அதாவது உதவித்தொகை, என்றே குறிக்கப்பட்டது. அது சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியத்தை எட்டவில்லை. அவர்களுக்கும் அரசு நிறுவனத்துக்கும் இடையே வேலை உறவு எதுவும் இல்லை, அவர்கள் செய்வது ஒற்றுமையுணர்வால் விளைந்த தொண்டு என்பதே அரசின் நிலைப்பாடு. 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே குறைந்தபட்ச ஊதியத்துக்கும் 2014 முதல் முறையான பணி ஒப்பந்தத்துக்கும் வழிவகுத்தது. அப்போதும் ஒப்பந்தம் இடைநிலை அமைப்புகளோடுதான், அரசோடு அன்று. கடந்துபோன ஆண்டுகளுக்கான உரிமையைக் கேட்டு வழக்காடிய 106 பெண்களுக்கு ஆதரவாக அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்து, அவர்கள் உண்மையில் வேலையாள்களே என்றது. அத்தீர்ப்பின் ஒரு பகுதியை அடுத்த ஆண்டே அந்நீதிமன்றம் நீக்கியது. 2018-இல் வேலை உறவு இல்லை என்னும் பழைய நிலைக்கே திரும்பியது.

இவ்வழி கொலம்பியாவுக்கு மட்டும் உரியதன்று. 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தருவதும் ஊதியம் எனப்படாமல் மதிப்பூதியம் என்றே வழங்கப்படுகிறது. அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது 2022-இல்தான். உறவுப் பெயராயினும் மதிப்புப் பெயராயினும், பெருமையைக் கொடுத்து உரிமையைக் கழித்துக்கொள்ளும் முறை ஒன்றே.

அன்பும் கூலியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்னும் எண்ணமே இம்முறைக்கு வேர். மெய்யியலாளர் ஈவா கிட்டே, கடுமையான மாற்றுத்திறன் கொண்ட தம் மகளையும், அவளை வளர்க்கக் கூலிக்கு வந்து அவள்மீது ஆழ்ந்த பாசம் கொண்ட பெண்ணையும் முன்வைத்து 1999-இல் எழுதிய நூலில் இவ்வெண்ணத்தை மறுக்கிறார். பிறரைச் சார்ந்து வாழும் உயிரைத் தாங்குபவர், தாமும் அத்தாங்குதலாலேயே பிறர் உதவியைச் சார்ந்தவராகிறார். ஆகவே தாங்குபவரைத் தாங்கும் கடமை சமூகம் முழுமைக்கும் உண்டு என்பது அவர் நிறுவும் கொள்கை. இதன்படி ஊதியம் என்பது அன்புக்கு இட்ட விலையாகாது. அன்பு செலுத்துபவர் சோர்ந்து வீழாதிருக்கச் சமூகம் செலுத்தும் கடன் அது. குருவானவர் காணிக்கை பெறுவதால் அவருடைய வழிபாடு விற்பனையாகிவிடுவதில்லை என்பதை ஏற்கும் சமூகங்கள், குழந்தையை வளர்ப்பவரிடம் மட்டும் வேறு அளவுகோலை நீட்டுவதற்கு, அவர் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் கண்டுபிடிப்பது கடினம்.

இங்கிருந்து நோக்கும்போது, சொல்லைத் தேர்வதில் வரும் குழப்பத்துக்குக் காரணம் பெயர்கள் பலவாக இருப்பது அன்று, யார் எப்பெயரைச் சூட்டலாம் என்னும் வரம்பு மீறப்படுவதே என்பது தெளிவாகும். தாய், நானா, தாதா முதலான உறவுப் பெயர்கள் குழந்தை மட்டுமே தரக்கூடியவை; பல ஆண்டுகள் தோளில் கிடந்த உயிர், தன் விருப்பத்தால், கைம்மாறு எதிர்பாராமல் அளிக்கும் பெயர்கள் அவை. அவற்றை அரசோ வேலை கொடுப்பவரோ எடுத்தாளும்போது, தமக்கு உரிமையில்லாத ஒன்றை எடுத்து, தாம் தர வேண்டிய ஒன்றுக்கு ஈடாகக் கொடுத்துவிடுகின்றனர். அரசு சூட்டத்தக்கது செயலின் பெயர் மட்டுமே: பேணுபவர் ஆயின் 'குய்தாதோரா', பயிற்சி பெற்றுக் கற்பிப்பவர் ஆயின் 'எதுகதோரா', அரசுப் பணத்தில் அரசு வகுத்த விதிப்படி உழைப்பவர் ஆயின் 'த்ரபஹதோரா', அதாவது தொழிலாளி. படிவங்களில் பன்மை வரும்போது இலக்கண மரபை ஒட்டி ஆண்பால் வடிவமே எழுதப்படுவதையும் மாற்ற வேண்டும். பணியாற்றுவோர் ஏறத்தாழ அனைவரும் பெண்களாக இருக்கும் துறையில் அவர்களை இலக்கணத்தின் பெயரால் மறைப்பதற்கு நியாயம் இல்லை.

கொலம்பியப் பெண்களின் நிலைப்பாடு இவ்வரையறையையும் கடந்து செல்கிறது. தம்மை ஏமாற்றப் பயன்பட்ட பெயர் என்று தெரிந்தும் அவர்கள் 'மாத்ரே கொமுனித்தாரியா' என்பதைத் துறக்கவில்லை. சங்கம் அமைத்ததும் தெருவில் இறங்கி ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டதும் அப்பெயரோடுதான். அரசு தவறாக எடுத்தாண்ட பெயரை, அதைத் தமக்கு உண்மையாகவே தந்த குழந்தைகளின் சார்பில் அவர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அவர்கள் வளர்த்த குழந்தைகளுள் மூத்தவர்கள் இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களை வளர்த்தவர்களுள் பலர், வேலை உறவு இருந்ததில்லை என்று நீதிமன்றம் சொன்ன ஆண்டுகளுக்கு ஓய்வூதியக் கணக்கு முழுமையாக இல்லாமலே முதுமை அடைந்துவிட்டனர்.